எண்ணெய் மீட்பில் நுரை: பாறைக்குள் எப்படிப் பிறக்கிறது, எதனால் உடைகிறது? கேள்வி-பதில்

எண்ணெய்க் கிணற்றுக்கும் நுரைக்கும் என்ன தொடர்பு?

தேக்கப்பாறையில், அதாவது எண்ணெய் தேங்கி நிற்கும் துளைகள் நிறைந்த நிலத்தடிப் பாறையில், நீரைச் செலுத்தி எடுத்தது போக மிஞ்சும் எண்ணெயை மீட்க வாயுவைச் செலுத்துவது பழைய முறை. வாயு தொட்ட இடத்தில் எண்ணெயை நன்றாகவே வெளியேற்றும். போதிய அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எண்ணெயோடு முழுதாகக் கலந்துவிட்டால், அது போன வழியில் எண்ணெய் ஏறக்குறைய மிஞ்சாது. அது போதிய இடத்தைத் தொடுவதில்லை என்பதுதான் சிக்கல். தேக்க நிலையில் வாயுவின் பாகுநிலை (ஓடுவதற்குக் காட்டும் தடை) ஏறக்குறைய 0.02 முதல் 0.1 சென்டிபாய்ஸ், எண்ணெயுடையது அதைவிடப் பத்து மடங்கு முதல் பல நூறு மடங்கு அதிகம். எனவே வாயு விரல் விரலாகப் பிரிந்து முந்திக்கொண்டு ஓடும். எடை குறைவு என்பதால் அடுக்கின் மேற்பகுதிக்கு ஏறிவிடும். ஊடுருவுதிறன் (ஓட்டத்தைத் தன் வழியே விடும் திறன்) மிகுந்த ஓர் அடுக்கு இருந்தால் மொத்தமும் அதன் வழியே உற்பத்திக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

சர்ஃபேக்டன்ட், அதாவது சோப்பு போலப் பரப்பில் ஒட்டி நுரை தரும் பொருள், கலந்த நீரோடு வாயுவைச் செலுத்தினால் பாறைக்குள் நுரை உண்டாகி, வாயுவின் ஓட்டத்தைத் தடுத்து, அது போகாத இடங்களுக்குத் திருப்பிவிடும். பாண்ட், ஹால்புரூக் இருவரும் இதற்கான அமெரிக்கக் காப்புரிமையை 1958-லேயே பெற்றுவிட்டார்கள்.

பாறைக்குள் இருப்பது சோப்பு நுரை போன்றதுதானா?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபடாதவரை இந்தத் துறையில் எதுவும் சரியாகப் புரியாது.

கண்ணாடி உருளையில் தெரியும் நுரையில் குமிழிகள் உருளையைவிட மிகச் சிறியவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். பாறையில் ஒரு துளையின் அகலம் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரைதான். குமிழி அதைவிடப் பெரிது, அல்லது அதே அளவு. எனவே பாறைக்குள் நுரை என்பது துளையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை குறுக்கே நிற்கும் மெல்லிய நீர்ப்படலங்களின் வரிசை. இரண்டு படலங்களுக்கு நடுவே இருப்பது வாயு.

இந்தப் படலங்கள் இரண்டு வேலை செய்கின்றன. ஓடும் வாயு, படலங்களை ஒவ்வொரு துளைக் கழுத்தின் வழியாகவும் நெருக்கித் தள்ளியாக வேண்டும். அதற்கு அழுத்தம் செலவாகிறது. அதோடு வாயுவின் பெரும்பங்கு படலங்களுக்கு இடையே அகப்பட்டு, நகராமல் நின்றுவிடுகிறது. நீரோ சிறு துளைகளிலும் துளைகளின் மூலை இடுக்குகளிலும் வழக்கம்போல் ஓடுகிறது. ஒரே நீர்ச் செறிவில் (துளைகளில் நீர் நிரம்பிய பங்கு) நுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீரின் சார்பு ஊடுருவுதிறன் (பாறையின் முழு ஊடுருவுதிறனில் நீருக்குக் கிடைக்கும் பங்கு) மாறுவதில்லை என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. நுரை மாற்றுவது வாயுவின் நகர்வை மட்டுமே. பின்னால் வரும் பல கணக்குகள் இதன்மேல்தான் நிற்கின்றன.

படலங்கள் எப்படி உண்டாகின்றன?

மூன்று வழிகள். வாயு ஒரு குறுகிய கழுத்தைத் தாண்டி அகன்ற துளைக்குள் விரியும்போது, கழுத்தின் ஓரங்களில் இருக்கும் நீர் திரும்பிவந்து கழுத்தை அடைத்து வாயுவைத் துண்டிப்பது முதல் வழி. துளையில் உள்ள நுண்புழை அழுத்தம் (வாயுவின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பது), வாயு அந்தக் கழுத்தில் நுழையத் தேவைப்பட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இறங்கினால் இது நிகழும். ஏற்கெனவே இருக்கும் படலம் ஒரு கிளைச் சந்திக்கு வந்து இரண்டாகப் பிரிவது இரண்டாவது. வாயு இரண்டு பக்கத்துத் துளைகளில் நுழையும்போது நடுவே நீர்ப்படலம் ஒன்று மிஞ்சுவது மூன்றாவது. மூன்றாவது வழியில் பிறப்பது வலுவற்ற நுரைதான்: படலங்கள் குறைவு, வாயுவின் வழியும் முழுதாக அடைபடாது.

எல்லாம் சரியாகக் கலந்தும் சில வேளை நுரையே எழுவதில்லை. ஏன்?

பெரும்பாலும் அழுத்தச் சரிவு (ஒரு மீட்டர் தொலைவுக்கு அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது) போதாததுதான் காரணம். துளைக் கழுத்துகளில் நிற்கும் படலங்களை இடம்பெயர்த்து ஓடவிட ஒரு குறைந்தபட்ச அழுத்தச் சரிவு தேவை. அதைத் தாண்டினால் படலங்கள் ஓடும், ஓடினால் பிரியும், பிரிந்தால் எதிர்ப்பு கூடும், அதனால் அழுத்தச் சரிவு இன்னும் உயரும். தாண்டாவிட்டால் வலுவற்ற நுரையோடு நின்றுவிடும். அதனால்தான் இந்த மாற்றம் படிப்படியாக வராமல் திடீரென நிகழ்கிறது. ஊடுருவுதிறன் குறையக் குறைய இந்த எல்லை உயரும். நீரோடு பரப்பு இழுவிசை குறைந்த கார்பன் டை ஆக்சைடுக்கு நைட்ரஜனைவிட எல்லை தாழ்வு.

ஆய்வகத்தில் இதற்குத் தீர்வு: முதலில் பாறையைச் சர்ஃபேக்டன்ட் கரைசலால் நிரப்பி, அதன் பிறகே வாயுவைத் தொடங்குங்கள். தேவையானால் சிறிது நேரம் ஓட்டத்தை உயர்த்தி நுரையை எழுப்பிவிட்டு, பிறகு வேண்டிய வேகத்துக்கு இறக்கலாம். ஒருமுறை எழுந்த வலுவான நுரை, அது எழத் தேவைப்பட்ட வேகத்தைவிடக் குறைந்த வேகத்திலும் நிலைக்கும். களத்தில் கிணற்றுக்கு அருகே அழுத்தச் சரிவு தானாகவே அதிகம். தொலைவில் குறைவு, அங்கே ஊடுருவுதிறன் திடீரெனக் கூடும் அடுக்கு எல்லைகள் படலங்களை உண்டாக்க உதவும்.

பிறந்த படலம் எதனால் உடைகிறது?

திறந்த உருளையில் நுரை சரியக் காரணம் பெரும்பாலும் வடிதல்: புவியீர்ப்பால் நீர் கீழிறங்கப் படலம் மெலிகிறது. பாறைக்குள் புவியீர்ப்புக்கு அந்த வேலை இல்லை. படலத்திலிருந்து நீரை உறிஞ்சுவது பாறையின் நுண்புழை அழுத்தம். அதாவது வாயு அழுத்தத்துக்கும் நீரின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. பாறை உலர உலர, நீர் சிறு இடுக்குகளுக்குள் ஒதுங்கி, இந்த உறிஞ்சல் கூடும்.

இதை எதிர்த்து நிற்பது படலத்தின் இரு முகங்களுக்கும் இடையிலான விலக்கல். பிரிப்பு அழுத்தம் என்று சொல்வார்கள். சர்ஃபேக்டன்டின் மின்னூட்டமும், அதன் மூலக்கூறுகள் பரப்பில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதும் அதைத் தருகின்றன. உறிஞ்சல் விலக்கலை மிஞ்சும் கணத்தில் படலம் அறுந்துவிடும். எந்த நுண்புழை அழுத்தத்தில் நுரை கூட்டமாக உடையத் தொடங்குகிறதோ அதற்கு வரம்பு நுண்புழை அழுத்தம் என்று பெயர். இது சர்ஃபேக்டன்டின் வகை, செறிவு, உப்பு, ஓட்ட வேகம், பாறை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆகவே ஒரு சர்ஃபேக்டன்ட் நிலைத்த நுரை தருமா என்று மட்டும் கேட்டால் விடை இல்லை. எந்தப் பாறையில், எவ்வளவு நீரோடு, எந்த எண்ணெயோடு என்பதும் சேர்ந்தால்தான் அது முழுக் கேள்வி.

இன்னொரு காரணம் பருத்தல். சிறு குமிழியில் அழுத்தம் அதிகம் என்பதால் வாயு படலத்தின் ஊடாகக் கரைந்து பெரிய குமிழிக்குப் போகும். உருளையில் இது பெரிய சிக்கல். பாறைக்குள் படலங்கள் துளைக் கழுத்துகளில் நேராகி நின்றுவிட்டால் இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடுவதால் இது பெருமளவு ஓய்ந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நீரில் அதிகம் கரைவதால் அதில் பருத்தல் வேகம் கூடுதல்.

நுரைத் தரம் எவ்வளவு வைப்பது?

நுரைத் தரம் என்பது மொத்த ஓட்டத்தில் வாயுவின் கன அளவுப் பங்கு. அதை 50 சதவீதத்திலிருந்து மெல்ல உயர்த்தினால் அழுத்தச் சரிவு ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரியும். உச்சத்துக்கு இடப்பக்கம், அதாவது தரம் குறைந்த பக்கம், ஈர நுரை. அங்கே குமிழியின் அளவு துளையின் அளவோடு ஒட்டி நிற்க, அழுத்தச் சரிவு பெரும்பாலும் வாயு ஓட்டத்தையே பொறுத்தது. வலப்பக்கம் உலர் நுரை. அங்கே ஆட்சி செய்வது வரம்பு நுண்புழை அழுத்தம்.

உலர் பகுதியை ஒரு கணக்கால் விளக்கலாம். நுண்புழை அழுத்தம் வரம்பில் நிற்கிறது என்றால் நீர்ச் செறிவும் ஒரே மதிப்பில் நிற்கிறது. எனவே நீரின் சார்பு ஊடுருவுதிறனும் நிலையானது. அது 0.002, பாறையின் ஊடுருவுதிறன் 1 டார்சி, நீரின் பாகுநிலை 1 சென்டிபாய்ஸ், நீரின் ஓட்டம் நாளுக்கு 0.24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டார்சி விதிப்படி அழுத்தச் சரிவு மீட்டருக்கு ஏறக்குறைய 14 பார். வாயுவின் ஓட்டம் இந்தக் கணக்கில் எங்கும் வரவே இல்லை! உலர் பகுதியில் வாயுவைக் கூட்டினாலும் அழுத்தம் ஏறாதது ஏன் என்பதற்கு இதுவே விடை. கூடுதல் வாயு, படலங்களை உடைத்துத் தனக்கு வழி செய்துகொள்கிறது.

உச்சம் எங்கே என்பது ஒவ்வொரு அமைப்புக்கும் வேறு. 70 முதல் 95 சதவீதத்துக்குள் அமைவது வழக்கம். அதை அளக்காமல் ஒரு தரத்தைத் தேர்வது சரியல்ல.

எந்தச் சர்ஃபேக்டன்ட்?

மணற்பாறைக்கும் நடுத்தர உப்புக்கும் முதலில் சோதிக்க வேண்டியது 14 முதல் 16 கார்பன் நீளமுள்ள ஆல்பா ஓலிஃபின் சல்ஃபோனேட். எளிதில் கிடைக்கும், வெப்பம் தாங்கும், கால்சியத்தையும் ஓரளவு பொறுக்கும். சல்ஃபேட் வகைகள் அறை வெப்பத்தில் அழகான நுரை தரும். ஆனால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குறிப்பாக அமிலத்தன்மையில், நீராற்பகுப்பால் சிதைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் அமிலத்தன்மை கொண்டது என்பதை மறக்கக் கூடாது.

சுண்ணாம்புப் பாறையின் பரப்பு பெரும்பாலும் நேர்மின் தன்மையுடையது. எதிர்மின் சர்ஃபேக்டன்டுகள் அதில் ஒட்டி வீணாகும். அங்கே அயனியற்ற வகைகளையும், அமிலத்தில் நேர்மின் ஏறும் எத்தாக்சிலேற்றப்பட்ட அமீன்களையும் பார்க்கலாம். களிமண் மிகுந்த மணற்பாறையில் நிலைமை தலைகீழ்: களிமண் எதிர்மின் தன்மையுடையது, அமீன்களைப் பிடித்துக்கொள்ளும். அயனியற்றவற்றில் கவனிக்க வேண்டியது கலங்கல் வெப்பநிலை. தேக்கத்தின் வெப்பநிலை அதைத் தாண்டினால் கரைசல் இரண்டாகப் பிரியும். உப்பு கூடினால் அந்த வெப்பநிலை இன்னும் இறங்கும். பீட்டெய்ன் வகைச் சர்ஃபேக்டன்டுகளை எண்ணெயைத் தாங்கும் திறனுக்காகச் சல்ஃபோனேட்டோடு கலந்து பயன்படுத்துவது பழக்கம்.

செறிவு எவ்வளவு? பாறை எவ்வளவு விழுங்கும்?

ஆய்வகத்தில் 0.1 முதல் 0.5 எடை சதவீதம் வழக்கம். நுரை எழ இவ்வளவு தேவையில்லை. பாறைப் பரப்பு இழுத்துக்கொள்வதை ஈடுகட்டத்தான் கூடுதல். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துளைமை (பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு) 20 சதவீதம், மணல்மணியின் அடர்த்தி 2.65 என்றால், ஒரு கன செ.மீ. துளைக்கு 10.6 கிராம் பாறை. ஒரு கிராம் பாறை 0.2 மி.கி. பிடித்துக்கொண்டால், ஒரு கன செ.மீ. துளைக்கு 2.12 மி.கி. இழப்பு. 0.5 சதவீதக் கரைசலில் ஒரு கன செ.மீ.க்கு 5 மி.கி. இருக்கிறது, எனவே 0.42 துளைக்கொள்ளளவு (பாறையின் மொத்தத் துளைக் கன அளவு ஓர் அலகு) கரைசல் பாறையை நிறைவு செய்யவே போய்விடும். 0.1 சதவீதமாக இருந்தால் 2.1 துளைக்கொள்ளளவு! களத்தில் அவ்வளவு செலுத்த ஆண்டுக்கணக்காகும். ஒரு திட்டம் பொருளாதார அளவில் நிற்குமா விழுமா என்பதை நுரையின் வலிமையைவிட இந்த எண்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இன்னொரு எளிய தவறு: விற்பனைக்கு வரும் சல்ஃபோனேட் நீர்க்கரைசல் வடிவில் 38 முதல் 40 சதவீதம் செயல்பொருள் கொண்டதாகவே இருக்கும். 0.5 சதவீதச் செயல்பொருள் வேண்டுமானால் ஒரு கிலோ கரைசலுக்கு 5 கிராம் அல்ல, 38 சதவீதச் சரக்கில் 13.2 கிராம் எடுக்க வேண்டும்.

எண்ணெய் பட்டால் நுரை அழிந்துவிடும் என்கிறார்களே?

பல எண்ணெய்கள் அழிக்கும், எல்லாம் அல்ல. பொதுவாக இலகுவான எண்ணெய் கூடுதல் ஆபத்து. எண்ணெய்த் துளி படலத்தின் பரப்புக்குள் நுழைந்து, அதன்மேல் பரவியோ இரு முகங்களையும் பாலமாக இணைத்தோ படலத்தை அறுக்கிறது. இதைக் கணிக்க மூன்று இழுவிசைகளை அளக்க வேண்டும்: நீர்-வாயு, நீர்-எண்ணெய், எண்ணெய்-வாயு.

எடுத்துக்காட்டாக, மில்லிநியூட்டன்/மீட்டர் அலகில் அவை முறையே 30, 3, 24 என்று வைப்போம். நுழைவுக் கெழு 30 + 3 − 24 = 9. பரவல் கெழு 30 − 3 − 24 = 3. பாலக் கெழு 900 + 9 − 576 = 333. மூன்றும் நேர்க்குறி, எண்ணெய் நுழையவும், பரவவும், பாலமாகவும் முடியும் என்று பொருள். ஷ்ராம், நொவோசாட் இருவரும் 1990-இல் முன்வைத்த படல எண்ணையும் பார்க்கலாம். நீர்-வாயு இழுவிசையை நீர்-எண்ணெய் இழுவிசையால் வகுத்து 0.15-ஆல் பெருக்கினால் 1.5. ஒன்றுக்குக் கீழ் நிலைத்த நுரை, ஒன்று முதல் ஏழு வரை நடுத்தரம், ஏழுக்கு மேல் நிலையற்றது என்பது அவர்களின் பாகுபாடு.

ஆனால் இந்தக் கெழுக்கள் நடக்கக்கூடியதைத்தான் சொல்கின்றன, நடந்தே தீரும் என்று சொல்வதில்லை. எண்ணெய்த் துளிக்கும் வாயுவுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் உறுதியாக இருந்தால், நுழைவுக் கெழு நேர்க்குறியாக இருந்தும் எண்ணெய் நுழையாது. கெழுக்களை வைத்து மோசமான வேட்பாளர்களை ஒதுக்குங்கள். நல்லதைத் தேர்ந்தெடுக்க எண்ணெய் உள்ள பாறையில் சோதனை செய்தே ஆக வேண்டும்.

எண்ணெய் நுரையை அழிப்பதில் ஒரு நன்மையும் உண்டு. எண்ணெய் ஏற்கெனவே துடைக்கப்பட்ட வழிகளில் நுரை வலுவாக நின்று அடைக்கும். எண்ணெய் மிகுந்த பகுதியில் வலுவிழந்து வழிவிடும். ஊடுருவுதிறனிலும் அப்படித்தான். துளைகள் பெரிதான அடுக்கில் நுண்புழை அழுத்தம் குறைவு என்பதால் நுரை அங்கேதான் வலுவாக நிற்கிறது. அடைக்க வேண்டிய இடத்தை அது தானே கண்டுகொள்வது போன்ற இந்தப் பண்புதான் நுரையைப் பாலிமரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அளவுருளையில் குலுக்கிப் பார்ப்பது போதுமா?

மோசமானவற்றை முதலில் சலித்து ஒதுக்கப் போதும், முடிவுக்குப் போதாது. 200 மி.லி. கரைசலை 90 செ.மீ. உயரத்திலிருந்து 50 மி.லி. கரைசல்மேல் விழச்செய்து நுரை உயரத்தை அளக்கும் ராஸ்-மைல்ஸ் சோதனையோ, வாயுவைக் குமிழியிட்டு நுரையின் அரை ஆயுளை அளப்பதோ, எந்தக் கரைசல் தேக்க நீரில் கலங்குகிறது, எது எண்ணெய் பட்டதும் உடனே படுத்துவிடுகிறது என்பதைக் காட்டும். ஆனால் அரை ஆயுள் வரிசையும் பாறையில் கிடைக்கும் பாகுநிலை வரிசையும் பலமுறை பொருந்துவதில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: உருளையில் வடிதல், பாறையில் நுண்புழை உறிஞ்சல்.

கோர் சோதனையை எப்படி அமைப்பது?

கோர் எனப்படும் பாறை உருளை 3.8 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம், 20 சதவீதத் துளைமை என்று கொள்வோம். குறுக்குப் பரப்பு 11.3 சதுர செ.மீ., துளைக்கொள்ளளவு 68 மி.லி. நாளுக்கு 1.2 மீட்டர் வேகத்துக்கு மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 0.945 மி.லி. நுரைத் தரம் 80 சதவீதம் என்றால் வாயு 0.756, கரைசல் 0.189 மி.லி. இந்த வாயு அளவு பாறையின் நிலைமையில் சொல்லப்பட்டது. வாயுக் கட்டுப்பாட்டுக் கருவி 20 டிகிரி, 1 பார் கணக்கில் அளப்பதாக இருந்தால், 100 பார், 60 டிகிரியில் நைட்ரஜனுக்கு நிமிடத்துக்கு 65 மி.லி. அளவில் அமைக்க வேண்டும். இந்த மாற்றத்தை மறந்ததால் வீணான சோதனைகள் ஏராளம்.

வரிசை இது. கோரைக் கார்பன் டை ஆக்சைடால் கழுவி, வெற்றிடமாக்கி, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டிய உப்புநீரால் நிரப்பி, ஊடுருவுதிறனை அளக்கவும். எண்ணெய்ச் சோதனை என்றால் எண்ணெய் செலுத்தி, நீர் குறைந்தபட்சத்துக்கு இறங்கியதும் நிறுத்தி, மீண்டும் நீரால் தள்ளி, மிஞ்சிய எண்ணெயைக் கணக்கிடவும். அடுத்து நுரையற்ற அடிப்படைச் சோதனை: அதே தரத்தில், சர்ஃபேக்டன்ட் இல்லாமல் நீரும் வாயுவும். பின்னர் கோரை மீண்டும் நீரால் நிரப்பி, வெளியேறும் கரைசலின் செறிவு உள்ளே போகும் செறிவை எட்டும்வரை சர்ஃபேக்டன்ட் செலுத்தவும். இரண்டு, மூன்று துளைக்கொள்ளளவு ஆகலாம். எதிர்மின் வகைகளுக்கு மெத்திலீன் நீலம் கொண்டு செய்யும் இருநிலைத் தரம்பார்த்தல் போதுமானது. அதன் பிறகே நுரை. ஒரு துளைக்கொள்ளளவுக்கு 72 நிமிடம். நிலையான அழுத்தம் வர ஐந்து முதல் பத்து துளைக்கொள்ளளவு, அதாவது ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்படக் கூடாது.

கோர் முழுவதிலும் 5 பார் வீழ்ச்சி, ஊடுருவுதிறன் 1 டார்சி என்றால் தோற்றப் பாகுநிலை (நுரையை ஒரே திரவமாகக் கொண்டால் கிடைக்கும் பாகுநிலை) ஏறக்குறைய 120 சென்டிபாய்ஸ். சரிபார்க்க: அதே வேகத்தில் 1 சென்டிபாய்ஸ் திரவம் தரும் வீழ்ச்சி 0.042 பார் மட்டுமே. நுரையோடும் நுரையின்றியும் கிடைத்த வீழ்ச்சிகளின் விகிதம், நகர்வுக் குறைப்புக் காரணி.

சோதனையில் அடிக்கடி எங்கே தவறு நேர்கிறது?

வெளியேறும் முனையில் எதிரழுத்தம் வைக்காததுதான் முதன்மையான தவறு. 5 பார் வீழ்ச்சி, வெளிமுனை 1 பார் என்றால், நுழைவில் 6 பார். வாயு ஆறு மடங்கு விரியும். நுழைவில் 80 சதவீதத் தரம், வெளிமுனையில் 96 ஆகிவிடும். ஒரே கோரில் ஈர நுரையும் உலர் நுரையும் இருக்கும். அளந்தது எதையும் குறிக்காது. 100 பார் எதிரழுத்தத்தில் இந்த மாற்றம் ஒரு சதவீதப் புள்ளிக்குக் கீழ்.

இரண்டு முனைகளையும் நம்பக் கூடாது. நுழைவில் நுரை முழுதாக உருவாகச் சில செ.மீ. தேவை, வெளிமுனையில் நீர் தேங்கும். கோரின் உடலில் குறைந்தது இரண்டு இடைநிலை அழுத்த அளவிகள் வைத்து நடுப்பகுதியை மட்டும் கணக்கிடுங்கள். தரத்தை ஏற்றிக்கொண்டே போய் அளந்ததை, இறக்கிக்கொண்டே வந்தும் அளக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் நிலைத்த நிலையை எட்டவில்லை, அல்லது முன்நிலையின் தாக்கம் நீடிக்கிறது.

எந்த வாயு?

நைட்ரஜன் நுரை ஆய்வகத்தில் வலிமையானது; ஏறக்குறைய கரைவதே இல்லை. அதைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைக் கணிக்க முடியாது. இழுவிசை, கரைதிறன், அமிலத்தன்மை மூன்றும் வேறு. நீராவி நுரைக்கு வெப்பம்தான் பெரிய தடை. நீராவி குளிர்ந்து நீராகும்போது படலங்கள் சுருங்கி மறையும் என்பதால், நைட்ரஜன் போன்ற குளிராத வாயுவைச் சிறிதளவு சேர்ப்பார்கள்.

நானோ துகளும் பாலிமரும் உதவுமா?

சரியாக நனையும் துகள் ஒன்று பரப்பில் ஒட்டிவிட்டால் எளிதில் விலகாது. 10 நானோமீட்டர் ஆரம், 60 டிகிரி தொடுகோணம், 30 மில்லிநியூட்டன்/மீட்டர் இழுவிசை என்றால் அதைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைவிட 500 மடங்குக்கு மேல். சர்ஃபேக்டன்ட் மூலக்கூறோ கணந்தோறும் வந்துபோகும். ஆனால் கால்சியம் மிகுந்த தேக்க நீரில் துகள்கள் திரண்டு துளைக் கழுத்தை அடைத்துவிடும். அப்போது ஏறும் அழுத்தத்தை வலுவான நுரை என்று தவறாகப் படிக்கும் வாய்ப்பு பெரிது. சோதனைக்குப் பின் நீரால் கழுவி ஊடுருவுதிறனை மீண்டும் அளக்காத முடிவை ஏற்காதீர்கள்.

பாலிமர் நீரைத் தடிப்பாக்கி வடிதலை மெதுவாக்கும். உருளையில் பளிச்சென்று தெரியும் இந்தப் பலன் பாறையில் பாதியாகிவிடலாம், செலுத்துவதும் கடினமாகும்.

கரைசலையும் வாயுவையும் ஒன்றாகச் செலுத்துவதா, மாற்றி மாற்றியா?

ஒன்றாகச் செலுத்தினால் தரம் கட்டுக்குள் இருக்கும். ஆனால் கிணற்றின் வாயிலிலேயே வலுவான நுரை எழுந்து செலுத்துதிறன் (கிணறு உள்வாங்கும் அளவு) வீழும். அழுத்தம் பாறையை வெடிக்கச்செய்யும் அளவை எட்டலாம். கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஒரே குழாயில் போனால் அரிப்பும் கடுமையாகும்.

மாற்றி மாற்றிச் செலுத்தும்போது, வாயுவின் முறை வருகையில் கிணற்றை ஒட்டிய பகுதி உலர்ந்து அங்கே நுரை உடைந்துவிடும். எனவே வாயு எளிதாக உள்ளே போகும். வலுவான நுரை தொலைவில், வாயுவின் முகப்பில் நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். பெரிய அளவுத் திட்டங்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்போம். வேகத்தை நிலையாக வைப்பதைவிட, அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தை நிலையாக வைத்துச் செலுத்துவது வாயு மேலேறுவதைக் கட்டுப்படுத்த மேலானது.

வட கடலின் நார்வே பகுதியில் உள்ள ஸ்னோரே வயலில் 1990-களின் இறுதியில் நீர்-வாயு மாற்றுச் செலுத்தலோடு நுரையைச் சேர்த்தார்கள். பயன்பட்டது ஆல்பா ஓலிஃபின் சல்ஃபோனேட். அதன் மேற்குப் பிளவுத் தொகுதியில் முதலில் கரைசல், அடுத்து வாயு என்று செலுத்தியபின் உற்பத்திக் கிணற்றில் வாயு-எண்ணெய் விகிதம் குறைந்தது. வாயு தேக்கத்துக்குள் கூடுதல் காலம் தங்கியது.

கணினி மாதிரியில் எதைப் பொருத்துவது?

ஸ்டார்ஸ் என்ற தேக்கக் கணிப்பு மென்பொருள் போன்ற மாதிரிகள் வாயுவின் சார்பு ஊடுருவுதிறனை ஒரு காரணியால் குறைக்கின்றன. முதலில் பொருத்த வேண்டியவை மூன்று: உச்சக் குறைப்பு, நுரை உடையத் தொடங்கும் நீர்ச் செறிவு, அந்த உடைவு எவ்வளவு செங்குத்து என்பது. தரத்தை மாற்றி அளந்த வளைகோடு இம்மூன்றையும் தரும். எண்ணெய், செறிவு, ஓட்ட வேகம் ஆகியவற்றின் காரணிகளைத் தனிச் சோதனைகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். ஒரே சோதனையைக் கொண்டு எல்லா எண்களையும் பொருத்தினால் வளைகோடு அழகாகப் பொருந்தும், கணிப்பு பொய்க்கும். உடைவை மிகச் செங்குத்தாக வைத்தால் கணக்கீட்டுக் கட்டங்களில் செலுத்துதிறன் செயற்கையாக ஊசலாடும்.

களத்தில் நுரை வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

செலுத்து அழுத்தம் ஏறுவது மட்டும் சான்றல்ல. வீழ்படிவும் துகளும்கூட அதைச் செய்யும். அழுத்த ஏற்றம், உற்பத்திக் கிணற்றில் வாயு-எண்ணெய் விகிதத்தின் இறக்கம், தடங்காட்டி வாயு (வழியை அறிய அடையாளமாகக் கலக்கும் வாயு) வந்துசேரத் தாமதம், செலுத்து கிணற்றில் அடுக்குவாரியான ஓட்டப் பங்கீட்டில் மாற்றம் ஆகியவை சேர்ந்து வர வேண்டும். இவற்றை ஒப்பிட, நுரைக்கு முந்தைய பல மாத அளவீடுகள் கையில் இருக்க வேண்டும். தொடங்கிய பிறகு அவற்றைத் திரட்ட வழியில்லை.

சர்ஃபேக்டன்ட் உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிட்டால்?

பிரிப்புக் கலத்தில் நுரையும், விலகாத பால்மமும் எழும். நீர்மட்ட அளவிகள் தவறாகக் காட்டும். வாயுக் குழாயில் திரவம் போகும். வரும் நீரில் சர்ஃபேக்டன்ட் அளவை வாரந்தோறும் பாருங்கள். தோன்றத் தொடங்கியதும் பிரிப்புக் கலத்துக்கு முன்னால் சிலிகோன் வகை நுரைக்கொல்லியைச் சேர்க்க ஏற்பாடு இருக்கட்டும். அளவை அந்தக் கிணற்றின் திரவத்திலேயே சோதித்து முடிவு செய்ய வேண்டும். அந்த நீரை மீண்டும் செலுத்துவதாக இருந்தால், நுரைக்கொல்லி அதோடு சேர்ந்து பாறைக்குள் போகாதபடி தனியாகப் பிரித்தெடுங்கள். இல்லாவிட்டால் கீழே கட்டிய நுரையை அதுவே கலைத்துவிடும்.